பாரதக் களம்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தின் வேனில் அரங்கு

இசையரங்கு என்ற சொல்லைக் கேட்டதும் கூரையிட்ட மண்டபமும் வரிசையான இருக்கைகளும் மனக்கண்முன் தோன்றுவது இன்றைய இயல்பு. மார்கழி மாதத்துச் சென்னை அதற்குப் பழகிய நகரம். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் இசையரங்கோ மார்கழிக்குரியதன்று, வேனிலுக்குரியது. வானமே அதற்குக் கூரை, மண்ணே இருக்கை. ஆண்டின் பெரும்பகுதி கால்நடை கூடும் மந்தைவெளியாகக் கிடக்கும் இடம், பங்குனி, சித்திரை, வைகாசித் திங்கள்களில் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டிப் பாரதக் களமாக மாறுகிறது. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேலாக அக்களம் பாட்டால் நிறைகிறது. விழா முடிந்தபின் அது மீண்டும் மந்தைவெளியே.

கட்டடம் எதுவும் எஞ்சாத ஓர் அரங்கிற்கு வரலாறு காண்பது எளிதன்று. எனினும் இவ்வட்டாரத்து மக்கள் செய்யுளைக் காதால் கேட்டு உள்ளத்தில் இருத்திய முதன்மையான இடம் இதுவே. கவிஞரும் சுவைஞரும் கூடிய ஓர் இலக்கிய அமைப்பின் பத்தாண்டு நிறைவு மலரில் இக்களத்தையும் இதனைச் சூழ்ந்த ஊரையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும். திறந்தவெளி என்று நாம் கூறும் அவ்விடம் உண்மையில் யாருக்கெல்லாம் திறந்திருந்தது என்ற வினாவும் அவ்வெண்ணத்தோடு சேர்ந்தே எழுகின்றது.

களம் என்னும் சொல்

தமிழில் களம் என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். நெற்போர் அடிக்கும் இடம் களம். போர் நிகழும் இடமும் களம். கூத்து நிகழும் இடமும் களமே. தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைத்திணையின் துறைகளைக் கூறுமிடத்து உழவரின் களத்தையும் தேர்வீரரின் களத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். பிணங்களை நெற்சூடாகவும் யானைகளைக் கடாவிடும் எருதுகளாகவும் உருவகிக்கும் புறப்பாடல் மரபு இவ்விணைப்பிலிருந்து கிளைத்ததே.

அம்மரபு ஏட்டில் மட்டும் நின்றுவிடவில்லை. அறுவடை ஓய்ந்த பின்னரே இவ்வட்டாரத்தில் பாரத விழா கூடுகின்றது. ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிய மண் இது. நெல்லும் கேழ்வரகும், மல்லாட்டை என மக்கள் வழங்கும் நிலக்கடலையும் வீடு வந்து சேர்ந்தபின், அடுத்த மழை வரும்வரை உழவருக்குச் சற்று ஓய்வு உண்டு. கையில் சிறிது தானியமும் காசும் உண்டு. இரவில் மழைக்கு அஞ்சவேண்டியதில்லை. இம்மூன்றும் கூடும் பருவம் வேனில் ஒன்றே. ஆகவே, உழவரின் களம் ஓய்ந்த பொழுதில் பாண்டவர் கௌரவரின் களம் தொடங்குகின்றது.

பாணர் நடந்த நிலம்

வேனிலுக்கும் இசைக்கும் இவ்வட்டாரத்தில் உள்ள உறவு மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதன் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பன அந்நூல் கூறும் ஊர்கள். அவற்றுள் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதியாக அறியப்படுவது. வேனில் வெயில் காயும் பாலை வழியில் நடந்து இளைத்த பாணர் கூட்டத்தின் காட்சியோடு அந்நூல் தொடங்குவது இங்கு நினைக்கத்தக்கது. சிறிய யாழை ஏந்தி, விறலியரோடும் சுற்றத்தோடும் ஊர்விட்டு ஊர் சென்ற அக்கலைஞர்களுக்கு நிலையான அரங்கு எதுவும் இல்லை. வள்ளலின் முற்றமே அவர்தம் அரங்கு.

பிற்காலத்துக் கூத்துக் குழுக்களைப் பாணரின் நேர்வழியினர் என்று சொல்லுதற்குச் சான்றில்லை. அவ்வாறு சொல்வது ஆர்வமிகுதியாகவே முடியும். ஆயினும் இசைவாணர் நடந்து செல்வதும், ஊர் அவர்களை எதிர்கொண்டு உணவும் பொருளும் தருவதும், திறந்த முற்றத்தில் பாட்டு நிகழ்வதும் ஆகிய வாழ்க்கைமுறை இந்நிலத்திற்குப் புதியதன்று என்பது தெளிவு.

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் ஒன்றுண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதம் கொள்கிறது. மத்தவிலாசம் என்னும் அங்கத நாடகத்தின் ஆசிரியனும் அம்மன்னனே. அழியும் பொருள்களை விலக்கி அழியாத பாறையைத் தேர்ந்தது அவன் வழி. பாரதக் களமோ பாறையையும் வேண்டாது நின்றது. ஆண்டுதோறும் அழிந்து ஆண்டுதோறும் பிறப்பதே அது நிலைத்திருக்கும் முறை.

பாரதப் படிப்பும் வில்லியின் செய்யுளும்

பாரதத்தைப் பொதுவிடத்தில் படிக்கச் செய்யும் வழக்கம் பல்லவர் காலத்திலேயே அறக்கட்டளைக்குரியதாக இருந்தது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தின் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கூறுகின்றது.

அரசர் மண்டபத்தில் படிக்கப்பெற்ற பாரதம் ஊர்மக்களின் களத்திற்கு வந்து சேர்வதற்கு வில்லிபுத்தூராரின் செய்யுள் பெருந்துணை செய்தது. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் அவர். வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் அவரைப் புரந்தவன். திருமுனைப்பாடி இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய பழைய நாட்டுப் பிரிவாதலின், வில்லிபாரதத்தை இம்மண்ணின் காப்பியம் என்று உரிமையோடு கூறலாம். வடமொழிப் பாரதத்தின் பதினெட்டுப் பருவங்களைப் பத்துப் பருவங்களாகச் சுருக்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் அவர் பாடினார். சந்த விருத்தங்களின் ஓட்டம் ஏட்டில் கண்ணால் காண்பதற்கன்று, வாயால் பாடுதற்கென்றே அமைந்தது போலும். வில்லி விரிக்காது விட்டவற்றையும் சேர்த்துப் பதினெண்ணூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களாகப் பாரதத்தை விரித்தார்.

பாரத விழாவில் பிற்பகலில் பிரசங்கியார் வில்லியின் விருத்தத்தை இராகத்தோடு பாடுவார். பதம் பிரித்துப் பொருள் சொல்வார். உள்ளூர் நடப்பை இடையிடையே உவமையாக்குவார். அன்றிரவே அப்பகுதி கூத்தாக ஆடப்பெறும். எழுத்தறியாத ஒருவர் ஒரே நாளில் ஒரு கதைப்பகுதியைச் செய்யுளாகவும் உரையாகவும் கூத்துப்பாட்டாகவும் மும்முறை கேட்கிறார். இவ்வாறு ஆண்டுதோறும் கேட்டவர்களுக்கு விருத்தத்தின் ஓசை பயிற்சியின்றியே செவிக்குப் பழகிவிடும். புலவரின் யாப்பு மக்களின் காதில் பதிந்தது இக்களத்தில்தான்.

களத்தின் அமைப்பும் ஓசையும்

திரௌபதி அம்மன் கோயிலின் எதிரே, இயன்றவரை அம்மன் பார்வைபடும் திசையில் களம் அமைகின்றது. ஒருபுறம் கொடிமரம், அம்மனின் காவலராகிய போத்துராசாவும், இசுலாமிய வீரனாகக் கருதப்படும் முத்தால் ராவுத்தனும் அருகில் நிற்பர். மற்றொருபுறம் அர்ச்சுனன் தபசுக்கு நடப்படும் உயர்ந்த மரம். சற்று விலகித் தீமிதிக்கான அக்கினிக் குண்டம். இவற்றுக்கிடையே உள்ள வெற்றிடமே ஆடுகளம். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலே இவ்வழிபாட்டின் மூலத்தானம் என்று பக்தர்கள் நம்புகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் அந்நம்பிக்கையைத் தொடக்கமாகக் கொண்டு செஞ்சி வட்டாரத்தில் ஆய்ந்து, 1988 லும் 1991 லும் இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார்.

கூத்தின் இசை திறந்தவெளிக்கென்றே அமைந்தது. சுவர் இல்லாத இடத்தில் குரல் எதிரொலித்துத் திரும்பாது, காற்றோடு கரைந்துவிடும். அதனால் கூத்தர் மிக உயர்ந்த சுருதியில் பாடுகின்றனர். நாகசுரத்தின் சிறுவடிவமாகிய முகவீணை அவ்வுயரத்திற்குத் துணை நிற்கிறது. மத்தளமும் தாளமும் அடவுக்கு அளவிடுகின்றன. ஆர்மோனியம் பின்னர் வந்து சேர்ந்தது. வேடதாரி பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுகின்றார். ஆடி இளைத்தவர் அவ்விடைவெளியில் மூச்சு வாங்குவார். கூட்டத்தின் கடைசியில் இருப்பவருக்கும் சொல் தவறாது சேரும். திரையின் பின்னின்று தொடங்கும் விருத்தம், தரு, வசனம் என்னும் ஒழுங்கும், கட்டியக்காரன் வேடத்தை வினவி அறிமுகப்படுத்தும் முறையும், தொலைவிலிருந்து கேட்பவரை மனத்திற்கொண்டு எழுந்த உத்திகளே எனலாம். புசக்கீர்த்தி, கிரீடம் முதலிய மரக்கட்டை அணிகளின் பெருமையும் அத்தகையதே. பந்த வெளிச்சத்தில் நெடுந்தொலைவிலும் தெரியவேண்டி மனித உருவைப் பெருக்கிக் காட்டியவை அவை. கட்டைக்கூத்து என்ற பெயரும் இதனால் வந்தது.

காஞ்சிபுரம், செய்யாறு பகுதிகளில் வழங்குவது வடக்கத்திப் பாணி. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் வழங்குவது தெற்கத்திப் பாணி. திண்டிவனமும் செஞ்சியும் இரு பாணிகளும் எதிர்ப்படும் இடங்களாதலின், அடவையும் குரலையும் ஒப்பிட்டுப் பேசும் சுவைஞர் இவ்வட்டாரத்தில் பெருகினர். கல்வி நிறுவனம் எதிலும் பயிலாத திறனாய்வு மரபு அது.

களத்தைச் சூழ்ந்த ஊர்

களம் தனித்து நிற்பதில்லை. அதனை ஊர் சுமக்கின்றது. வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்து வாத்தியாரை அமர்த்துவது, தலைக்கட்டு வரி தண்டுவது, ஒவ்வோர் இரவுக்கும் உபயதாரரைக் குறிப்பது, காப்புக் கட்டுவது என விழாவின் தொடக்கமே ஊரின் அமைப்பை வெளிப்படுத்துகின்றது. பகாசுரன் கதை நிகழும் நாளில் சோறேற்றிய வண்டி தெருத்தெருவாகச் செல்லும். வீட்டு வாயில்களே அப்போது அரங்காகின்றன. மணமாகிச் சென்ற பெண்கள் பிறந்தகம் திரும்புவதும், பொரிகடலைக் கடைகளும் வளையல் கடைகளும் தேநீர்க் கடைகளும் களத்தின் ஓரத்தில் முளைப்பதும் இந்நாள்களில்தான். திருமணப் பேச்சும் கடன் கணக்கும் பழம்பகை தீர்ப்பதும் கூத்தின் இடைவேளைகளில் நிகழ்ந்தன. சூதாட்டம், துகிலுரிதல் இரவில் திரௌபதி வேடமிட்டவர் சபையை நோக்கி நீதி கேட்கும்பொழுது, கேட்கப்படுவது அத்தினாபுரத்துச் சபை மட்டுமன்று. எதிரே அமர்ந்திருக்கும் ஊர்ச்சபையும்தான்.

இறுதி நாள் காலையில் படுகளம். களத்தில் மண்ணால் செய்த பேருருவாகத் துரியோதனன் கிடப்பான். பதினெட்டாம் போர் முடிந்து அவன் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அவன் மனைவி பெருந்திருவாள் புலம்பத் தொடங்கியதும் ஊர்ப்பெண்களின் ஒப்பாரியும் அதனோடு கலந்துவிடும். கூத்தில் பெண்வேடம் ஆடவரே பூண்ட காலம் நெடியது. ஆண்டு முழுவதும் களத்தின் ஓரத்தில் இருந்த பெண்குரல் அன்றைய காலையில் அதன் நடுவுக்கு வந்தது. வென்றவளுக்குக் குலவையும் வீழ்ந்தவனுக்கு ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து எழுவதை அங்குக் காணலாம். பகைவன் சாவிலும் அழத் தெரிந்த இவ்வுள்ளத்தைப் பாரதம் படித்த புலவர்கள் உரையில் எழுதினர்; பெண்கள் மண்ணில் அமர்ந்து பாடினர்.

திறந்தவெளியும் மூடிய வாசலும்

இவ்வளவு பெருமையும் உண்மை. இதன் மறுபக்கமும் உண்மை. ஊர் என்ற சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் இரு பொருள் உண்டு. ஒன்று அனைவரும் வாழும் இடம். மற்றொன்று, சேரியை விலக்கிய குடியிருப்பு. வரி தண்டும் பட்டியலில் யார் பெயர் சேரும், உபயம் யார் ஏற்கலாம், தீமிதியில் யார் இறங்கலாம் என்பவற்றை அந்த இரண்டாம் பொருளே பல இடங்களில் முடிவு செய்தது. விழாவை அறிவிக்கும் பறை சேரியிலிருந்து வந்தது. பறையடித்தவர் நிற்கும் இடமோ களத்தின் விளிம்பாக இருந்தது. சுவரில்லாத அரங்கிலும் கண்ணுக்குப் புலப்படாத கோடு ஒன்று இருந்தது. அதே வேளையில், ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் கூத்து வாத்தியார்கள் தோன்றித் தமக்கெனக் குழுக்களை அமைத்தமை இக்கலை ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை என்பதைக் காட்டும்.

அண்மைக் காலத்தில் அக்கோடு நாடறிய வெளிப்பட்டது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியிலுள்ள திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது உள்ளே சென்ற பட்டியலின இளைஞர்கள் தாக்கப்பட்டனர். பூசல் தீராமையால் 2023 ஜூன் 7 அன்று வருவாய்த்துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் அது திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் காவல்துறையின் பாதுகாப்போடு பட்டியலின மக்களும் உள்ளே சென்று வழிபட்டனர். சபையில் நீதி கேட்டவளின் கோயில் வாசலிலேயே நீதி கேட்கவேண்டிய நிலை நேர்ந்தது. பாரதத்தை ஆண்டுதோறும் கேட்ட செவிகள் அதன் மையமான கேள்வியைக் கேட்டனவா என்று இந்நிகழ்ச்சி வினவுகின்றது.

களம் விரிந்த சான்றும் இவ்வட்டாரத்திலேயே உண்டு. அரவான் களபலி இவ்விழாவின் உருக்கமான பகுதி. அவ்வரவானையே கூத்தாண்டவராக வழிபடும் கூவாகம், 1993 இல் அமைந்த விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்திரைப் பெருவிழாவில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி பூண்டு, மறுநாள் அறுத்து அழுகின்றனர். வேறெங்கும் இடமற்றிருந்தவர்கள் பாரதக் கதையின் ஒரு சிறு கிளையில் தமக்கு இடம் கண்டனர். விழாவையொட்டி விழுப்புரம் நகரிலும் அவர்தம் நிகழ்ச்சிகள் நடைபெற்று வந்துள்ளன. 2008 இல் தமிழக அரசு திருநங்கையர்க்கு நல வாரியம் அமைப்பதற்கு முன்பே, கூத்தாண்டவர் களம் அவர்களைப் பெயரிட்டு அழைத்திருந்தது.

மாற்றங்கள்

களம் காலத்திற்கேற்ப மாறியே வந்துள்ளது. தீப்பந்தத்தின் இடத்தில் பெட்ரோமாக்சு விளக்கும், பின்னர் மின்விளக்கும் வந்தன. ஒலிபெருக்கி வந்தபின் குரலுக்கு ஓய்வு கிடைத்தது. ஆயினும் ஒலிவாங்கி நட்ட இடத்தைவிட்டு வேடதாரி நெடுந்தொலைவு செல்லவியலாமையால் வட்டமிட்டு ஆடும் கிறிக்கி குறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் கூத்துப் பனுவல்கள் மலிவு விலை நூல்களாக அச்சேறின, பி. இரத்தின நாயகர் அண்டு சன்சு போன்ற சென்னைப் பதிப்பகங்கள் அவற்றைப் பரப்பின. அச்சில் வந்தது எலும்புக்கூடு. சதையும் குருதியும் வாத்தியார்களின் கையெழுத்து நோட்டுகளிலும் நினைவிலுமே இருந்தன.

நகரத்து எழுத்தாளர்களின் கண் எழுபதுகளில் கூத்தின்மேல் படிந்தது. ந. முத்துசாமி புரிசைக் கூத்தைக் கண்டு எழுதியவையும், 1977 இல் அவர் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தமையும் நவீன நாடகத்தின் திசையை மாற்றின. 1990 இல் காஞ்சிபுரத்தில் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கம் கலைஞர்களைத் திரட்டியது. அச்சங்கத்தின் குருகுலத்தில் சிறுமியரும் வேடங்கட்டக் கற்றனர். ஆடவர்க்கே உரியதாயிருந்த களத்தின் நடுவுக்குப் பெண் வந்த வழி அது.

2020 மார்ச் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் ஊரடங்கு பங்குனி, சித்திரை, வைகாசியை விழுங்கியது; 2021 கோடையிலும் ஊரடங்கு வந்தது. ஆண்டின் ஊதியத்தைச் சில வேனில் மாதங்களில் ஈட்டவேண்டிய கூத்தர் குடும்பங்களுக்கு அது பேரிழப்பு. வேனிலை நம்பிய அரங்கின் வலிமையே அதன் மெலிவுமாயிற்று. 2025 இல் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது, மகிழ்தற்குரிய செய்தி. அக்கோட்டையின் அடிவாரத்து மந்தைவெளிகளோ எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவை. கோட்டையைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. களத்தைக் காக்கக் கேட்போர் மட்டுமே உண்டு.

நிறைவாக

இவ்வட்டாரத்துக் கவிஞர்க்கு இக்களம் தருவது பழம்பெருமை மட்டுமன்று. உயர்ந்த யாப்பு எளிய செவிக்கு எட்டாது என்ற எண்ணத்தை வில்லியின் விருத்தம் இங்கே பொய்யாக்கியது. புதுக்கவிதையோ மரபோ எதுவாயினும், கேட்போர் முன் நின்று சொல்லும் துணிவு கூத்தரிடமிருந்து கற்கத்தக்கது. அதனினும் இன்றியமையாதது, வயது முதிர்ந்த வாத்தியார்களின் நோட்டுகளைப் படியெடுப்பதும் அவர்தம் குரலைப் பதிவு செய்வதும் ஆகும். ஒவ்வொரு வேனிலிலும் சில குரல்கள் குறைந்துவருகின்றன.

மண்டபத்தில் கூடும் இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கு ஓர் இரவேனும் ஏதேனும் ஒரு பாரதக் களத்தில் சென்று அமர்ந்து கேட்கலாம். அங்குச் செல்வோர் திரைக்குப் பின்னிருந்து எழும் விருத்தத்தைச் செவிமடுப்பதோடு, தமக்கு அருகில் எந்தெந்தத் தெருவினர் அமர்ந்திருக்கின்றனர் என்பதையும் பார்த்தல் வேண்டும். எல்லாத் தெருவும் வந்தமர்ந்த இரவில்தான், சபையை நோக்கித் திரௌபதி கேட்கும் கேள்விக்குச் சபை முழுமையாக இருக்கும்.